பெயிண்டுக்கு முன் கூரை: பழைய நீராவி எஞ்சின்கள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

பழைய நீராவி எஞ்சின்களை, குறிப்பாகச் சிறிய பாதைகளில் ஓடிய எஞ்சின்களைப் பாதுகாப்பது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வில்லிவாக்கம் அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். நேரோ கேஜ் என்றால் என்ன, ஊட்டி ரயில் அந்த வகைதானா என்று அவர்கள் கேட்டதற்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நேரோ கேஜ் பாதை எங்காவது இருந்ததா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தைத்தான் கேஜ் என்கிறோம். நம் நாட்டின் அகலப் பாதையில் அந்தத் தூரம் 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜில் 1,000 மில்லிமீட்டர். அதற்கும் குறைவான 762, 610 என்ற இரண்டு அளவுகளையே இந்திய ரயில்வே நேரோ கேஜ் என்று வகைப்படுத்துகிறது. இந்தக் கணக்கின்படி ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். டார்ஜிலிங், மாதேரான் ரயில்கள் 610 மி.மீ.; கால்கா – சிம்லா ரயில் 762 மி.மீ. பாதையில் ஓடுவது. மேலை நாடுகளில் 1,435 மி.மீ. அகலத்தைப் பொது அளவாக வைத்து, அதற்குக் குறைந்த எல்லாவற்றையும் குறுகிய பாதை என்றே எழுதுவதால், அங்கே அச்சான நூல்களில் ஊட்டி ரயிலும் அந்தப் பட்டியலில் இடம்பெறும். பேரப்பிள்ளைகள் இரண்டையும் படித்துக் குழம்பியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் 762 மி.மீ. பாதைகள் இருந்தன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்ப்பதற்கென்று வறண்ட பகுதிகளில் சிக்கனமாகப் போடப்பட்ட பாதைகள் இவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், இவை மூடப்பட்டன. நம் எல்லையை ஒட்டிய மூணாற்றில் தேயிலை ஏற்றிச்செல்ல ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் 610 மி.மீ. பாதைதான், 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்ற பிறகு அது மீண்டும் போடப்படவே இல்லை.

கேள்வி: நான் பணியாற்றி ஓய்வுபெற்ற கல்வி நிறுவனத்தின் வாசலில், வடநாட்டுச் சர்க்கரை ஆலை ஒன்றிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்த சிறிய நீராவி எஞ்சின் ஒன்று மேடைமேல் நிற்கிறது. 610 மி.மீ. பாதையில் ஓடியது. ஆண்டு விழா நெருங்கினால் அதற்குப் பெயிண்ட் அடிப்பார்கள். மற்ற நாட்களில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இப்போது முன்னாள் மாணவர்கள் சிலர் அதைப் புதுப்பிக்கப் பணம் திரட்டித் தர முன்வந்துள்ளனர். எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வுபெற்ற விரிவுரையாளர், அம்பத்தூர்

பதில்: பெயிண்ட் டப்பாவை மூடி வைப்பதிலிருந்து தொடங்குங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஆண்டுதோறும் பெயிண்ட் பூசும்போது, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணித் தலைகளின் ஓரத்திலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலும் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. துரு, தான் அரித்த இரும்பைவிட அதிக இடம் அடைத்துக்கொள்வதால், தகடுகளை மெல்ல நெம்பிப் பிரிக்கிறது. வெளியே பளபளப்பு இருக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

அதைவிட மோசமான இடம் புகைப்பெட்டி. எஞ்சினின் முன்புறம், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் வட்டமான அறை அது. கடைசியாக எஞ்சின் ஓடிய நாளில் சேர்ந்த நிலக்கரிச் சாம்பலை யாரும் அள்ளியிருக்க மாட்டார்கள். அந்தச் சாம்பலில் உள்ள கந்தகம், மூடப்படாத புகைபோக்கி வழியாக இறங்கும் மழைநீரோடு சேர்ந்து அமிலமாகி, அடித்தகட்டை ஆண்டுக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். ஒரு சிறு சுத்தியலை எடுத்து மேற்பகுதியில் லேசாகத் தட்டுங்கள், கணீரென்று கேட்கும். அப்படியே கீழே தட்டிக்கொண்டு வாருங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் தகடு போய்விட்டது என்று பொருள். பழைய பணிமனை ஆட்கள் முதலில் செய்யும் சோதனை இதுதான். இதற்குச் செலவும் இல்லை.

திரட்டும் பணத்தில் முதல் பங்கைக் கூரைக்கு ஒதுக்குங்கள். சென்னையின் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நேராக விழாமல் சாய்ந்தடிக்கும். எனவே கூரையின் தாழ்வாரம் எஞ்சினைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். பக்கங்கள் காற்றோட்டமாகத் திறந்திருக்க வேண்டும். நான்கு புறமும் கண்ணாடி போட்டு அடைப்பது அழகாகத் தெரிந்தாலும், உள்ளே வியர்த்து வழியும் என்பதால் அது இரும்புக்குப் பகை. புகைபோக்கிக்கு மூடி போடுங்கள். சாம்பலை முழுவதும் அள்ளுங்கள். கொதிகலன், தண்ணீர்த் தொட்டிகள், சிலிண்டர்கள் ஆகியவற்றின் வடிகால்களைத் திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றி, அவற்றைத் திறந்தே விடுங்கள். சக்கரங்களின் அடியைக் காங்கிரீட்டில் புதைத்திருந்தால் அதை உடைத்து எடுத்து, எஞ்சினை முறையான தண்டவாளத் துண்டின் மேல் நிறுத்துங்கள். பல நிறுவன வாசல்களில் சக்கரத்தைப் புதைத்துவிடுகிறார்கள். புதைந்த பகுதியில் தேங்கும் நீரை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது பதிவு. எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகை பெரும்பாலும் காணாமற் போயிருக்கும். ஆனால் இணைப்புத் தண்டுகள், வால்வு இயக்கத் தண்டுகள், சக்கர அச்சு முனைகள் ஆகியவற்றில் செய்த ஆலையின் எண் உளியால் அடித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அரிசி அளவுக்குச் சிறிய எழுத்துகள் அவை. பெயிண்ட் அடுக்குகளின் அடியில் மறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மரக் குச்சியும் கொண்டு பொறுமையாகத் துடைத்தால் தெரியும். கிரைண்டர் வைத்து ஒரு நிமிடம் தேய்த்தால் அந்த எஞ்சினின் பிறப்புச் சான்றிதழ் அழிந்துவிடும். ஆகவே எண்களை எல்லாம் படமெடுத்து எழுதி முடிக்கும்வரை கிரைண்டரை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

மாணவர்களைக் களமிறக்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கொதிகலனைச் சுற்றியுள்ள மெல்லிய மேல்தகட்டுக்கு அடியில் வெப்பம் வெளியேறாமல் இருக்கச் சுற்றிய உறை, பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். மேல்தகட்டைக் கழற்றும் வேலையை அதற்கெனப் பயிற்சியும் உரிமமும் பெற்றவர்களிடம் விடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

எஞ்சின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்ற கேள்வி இவ்வளவுக்கும் பிறகு வரட்டும். ஓடாவிட்டால் புதுப்பித்ததாகவே ஆகாது என்று பணம் தருபவர்கள் நினைப்பது இயல்பு; அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: நூறாண்டு பழைய கொதிகலனில் மறுபடி நீராவி ஏற்றினால் வெடிக்காது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? தண்ணீர் நிரப்பிச் சோதிப்பது என்கிறார்களே, ஏன் நீராவியாலேயே சோதிக்கக் கூடாது?
– பொறியியல் மாணவர், தாம்பரம்

பதில்: தண்ணீர் அமுக்கத்துக்கு அடங்காது, நீராவி அடங்கும். தண்ணீர் நிரப்பிய கொதிகலனில் எங்காவது ஒரு தகடு விட்டுக்கொடுத்தால், சில சொட்டுகள் வெளியேறியதுமே அழுத்தம் விழுந்துவிடும். ஓரிடம் நனையும், அவ்வளவுதான். அழுத்தத்தில் உள்ள நீராவிக் கொதிகலன் பிளந்தால், உள்ளே கொதிநிலைக்கு மேல் சூடாகி அடங்கியிருந்த தண்ணீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1,600 லிட்டர் ஆவியாக விரியும். அதனால்தான் முதலில் நீர்ச்சோதனை. வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றுவது பரவலான வழக்கம். சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் சிறு எஞ்சின் என்றால் 210 பவுண்டு வரை ஏற்றி, அழுத்தமானி முள் இறங்காமல் நிற்கிறதா, எங்காவது கசிகிறதா, எந்தத் தகடாவது புடைக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் தேறிய பிறகே மெல்லத் தீ மூட்டி நீராவிச் சோதனை.

நீர்ச்சோதனைக்கு முன்பே பெரும்பகுதி வேலை முடிந்திருக்க வேண்டும். புகைக்குழாய்கள் அனைத்தையும் அறுத்து வெளியே எடுத்தால்தான் கொதிகலனின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும். பிறகு தகடு முழுவதும் கட்டம் கட்டமாகச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மீயொலிக் கருவியை வைத்துத் தடிமனை அளந்து எழுதுவார்கள். கவனத்துக்குரிய இடம் ஃபயர்பாக்ஸ். அது பெட்டிக்குள் பெட்டியாக அமைந்தது. உள்பெட்டியில் தீ எரியும், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். அந்த இரண்டு சுவர்களையும் அழுத்தம் பிரித்துவிடாமல் பிடித்து வைப்பவை ஸ்டே எனப்படும் நூற்றுக்கணக்கான குறுக்குத் திருகாணிகள். ஸ்டே ஒவ்வொன்றின் முனையிலும் ஊசித் துளை ஒன்று போட்டிருப்பார்கள். உள்ளே ஸ்டே முறிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீரோ ஆவியோ கசிந்து காட்டிக்கொடுக்கும். கசிகிறதே என்று அந்தத் துளையைப் பற்றவைத்து அடைத்த எஞ்சின்களும் உண்டு. காவல்காரனின் வாயைப் பொத்திவிட்டுத் திருடன் வரவில்லை என்று நிம்மதி அடையும் காரியம் அது.

உள்பெட்டியின் கூரைத் தகட்டில் ஈயம் நிரப்பிய திருகாணி ஒன்று பதிந்திருக்கும். தண்ணீர் மட்டம் அந்தத் தகட்டுக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, ஆவி தீயின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். புதுப்பிக்கும்போது இதைத் தவறாமல் மாற்ற வேண்டும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்களும் வழக்கமாக இரண்டு இருக்கும். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான்.

சென்னை வாசகர்கள் மறக்கக் கூடாத ஒன்று தண்ணீர். நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நேரடியாக நிரப்பினால், அதிலுள்ள சுண்ணாம்பு தகட்டின் மேல் பாறைபோல் படியும். படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கி, அது பழுக்கக் காய்ந்து தொய்ந்துவிடும். உப்பு மிகுந்தால் கொதிநீர் நுரைத்து, ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்க முடியாமல் சிலிண்டர் மூடியையே உடைக்கும். மென்மையாக்கிய நீர், முறையாகச் சேர்க்கும் மருந்து, குறித்த இடைவெளியில் கொதிகலனைக் கழுவி விடுதல் என்று தொடர்ந்து செய்ய முடியாதவர்கள் தீ மூட்டாமல் இருப்பதே நல்லது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயின் எஞ்சின்களை ரயில்வேயே தன் ஆய்வாளர்களைக் கொண்டு சோதிக்கிறது. கல்வி நிறுவனமோ தனியாரோ வைத்திருக்கும் எஞ்சினில் ஆவி ஏற்ற வேண்டுமானால், மாநிலக் கொதிகலன் இயக்ககத்தில் பதிவு செய்து சான்றிதழ் பெற வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் இயக்கக் கூடாது என்ற அடிப்படையில் மாற்றம் இல்லை.

கேள்வி: கொதிகலன் புதிது, குழாய் புதிது, சக்கரப் பட்டை புதிது என்று முக்கால்வாசியை மாற்றிய பிறகும் அதைப் பழைய எஞ்சின் என்று சொல்லலாமா? இதில் ஏமாற்று இல்லையா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: நீங்கள் ஏமாற்று என்று கருதுவது, நீராவி எஞ்சின்களின் வாழ்நாள் முழுவதும் அன்றாட நடைமுறையாக இருந்தது. பணிமனைக்கு வரும் எஞ்சினின் கொதிகலனைக் கழற்றி வைத்துவிட்டு, ஏற்கெனவே சீர்செய்து தயாராக உள்ள வேறொரு கொதிகலனைப் பொருத்தி அனுப்புவார்கள். கழற்றியது சீரானதும் அடுத்து வரும் எஞ்சினுக்குப் போகும். ஆகவே ஓர் எஞ்சினின் தண்டுகளில் இரண்டு மூன்று எஞ்சின்களின் எண்கள் கலந்து கிடப்பதைக் காணலாம். அந்தக் கலப்பும் அதன் வரலாறுதான் என்பதால், 'சரியான' எண்ணுள்ள தண்டைத் தேடிப் பிடித்து மாட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உலகில் ஆர்வலர்கள் கையில் எடுத்துக் காப்பாற்றிய முதல் ரயில் பாதை வேல்ஸ் நாட்டின் டாலிலின். அதுவும் நேரோ கேஜ்தான். 1951இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அங்கே 1860களில் செய்த டாலிலின், டோல்கோக் என்ற இரண்டு எஞ்சின்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் கொதிகலன்கள் பிற்காலத்தவை. அதை அவர்கள் மறைப்பதில்லை. எது எந்த ஆண்டு மாறியது என்று கேட்டால் சொல்லும் பதிவேடு இருக்கிறது. 2005இல் பாரம்பரிய ரயில்களுக்கென ஐரோப்பிய அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ரீகா சாசனமும் இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் வலியுறுத்துகிறது. மாற்றிய உறுப்பில் ஆண்டைப் பொறியுங்கள். கழற்றிய பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணிட்டு வையுங்கள். இவ்வளவு செய்தால் அதில் ஏமாற்று இல்லை.

நம் ஊரிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு, அவை அகலப் பாதை எஞ்சின்கள் என்றாலும். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இரட்டையர் போன்ற இரண்டு எஞ்சின்களில் ஒன்றான இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நூறாண்டுக்கு மேல் நின்ற பிறகு, பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர்பெற்று 2010 சுதந்திர தினத்தன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. மற்றொன்றான ஃபேரி குயீன் 1997இல் மீண்டும் ஓடத் தொடங்கி, 1998இல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. பின்னர் அதன் உறுப்புகள் திருடுபோய், பெரம்பூரில்தான் மறுபடி சீர்செய்யப்பட்டது. நூற்றைம்பது ஆண்டு தாங்கிய எஞ்சினைப் பித்தளைக்கும் செம்புக்கும் ஆசைப்பட்டவர்கள் முடக்கிவிட்டார்கள். அம்பத்தூர் வாசகருக்குக் கூரையைச் சொன்னபோது பூட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

டார்ஜிலிங் ரயிலின் பி வகை எஞ்சின்கள் இதற்கு நேர்மாறான கதை. 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் செய்த 19ஆம் எண் எஞ்சின், பின்னாளில் 778 என்ற எண் பெற்று, 1960களில் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய் அங்கே ஓடியது. அதன் உடன்பிறப்புகள் மலையிலேயே இருந்து, பழுதானபோது ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டு ஓடின. ஏறத்தாழ 15 டன் எடையுள்ள அந்தச் சிறு எஞ்சினில் ஓட்டுநரும் ஃபயர்மேனும் மட்டும் இருப்பதில்லை. நிலக்கரிக் குவியல் மேல் ஒருவர் உட்கார்ந்து கட்டிகளை உடைத்துத் தருவார், முன் பலகையில் இருவர் அமர்ந்து ஈரத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவார்கள். அந்தத் தொழில்முறை எந்த அருங்காட்சியகத்திலும் நிற்காது, ஓடினால்தான் இருக்கும்.

எனவே என் நிலைப்பாடு இதுதான். ஒரு வகையில் ஒரே ஓர் எஞ்சின்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், அதில் தீ மூட்டக் கூடாது; ஒவ்வொரு ஓட்டமும் மூல உலோகத்தில் கொஞ்சம் தேய்க்கிறது, தேய்ந்தது திரும்பாது. ஒரே வகையில் பல எஞ்சின்கள் இருந்தால், ஒன்றிரண்டைத் தயங்காமல் ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். அம்பத்தூர் வாசகரின் எஞ்சினை எதில் சேர்ப்பது என்பதை அதன் தண்டில் பொறித்த எண் சொல்லும்.

கேள்வி: புதுப்பித்த எஞ்சினுக்கு என்ன நிறம் அடிப்பது? கறுப்பா, பச்சையா?
– வாசகி, அடையாறு

பதில்: கேப் எனப்படும் ஓட்டுநர் அறையின் உள்மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில் தண்ணீர் தொட்டு அடுக்கடுக்காகத் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் வளையம்போல் தெரியும். கடைசியாகப் பணியில் இருந்தபோதிருந்த நிறத்தை அடிக்கலாம், முதல் நிறத்தையும் அடிக்கலாம், இரண்டையும் கலக்காதீர்கள். அந்த உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். சக்கரத்துக்கு வெள்ளி வண்ணமும் தண்டுக்குச் சிவப்பும் அடிக்கும் வழக்கத்தை விழா மேடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். தேய்ந்து பளபளக்கும் இரும்புக்கு வேண்டியது எண்ணெயும் கிரீஸும்.

கேள்வி: ஊட்டி மலை ரயிலில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னத்தில் இப்படி மாற்றம் செய்யலாமா?
– வாசகர், ஆலந்தூர்

பதில்: மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி என்று சொல்லத்தக்க ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுமுட்டத் தள்ளும்போது, புகைபோக்கி வழியே பறக்கும் நெருப்புப் பொறிகள் கோடையில் காய்ந்த காட்டில் விழும். தரமான நிலக்கரியும் வரவர அரிதாகிவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களில் எண்ணெய் எரிக்கும் முறை வந்தது.

எண்ணெய்க்கு மாறுவது அடுப்பை மாற்றுவதோடு முடிவதில்லை. நிலக்கரி பரந்து எரியும். எண்ணெய்ச் சுடர் ஓரிடத்தில் ஊசிமுனையாய்த் தாக்கும். அந்த இடத்தில் தீயைத் தாங்கும் செங்கல் சுவர் கட்டாவிட்டால் ஃபயர்பாக்ஸ் தகடு வெடிப்பு விடும். மேலும் எக்ஸ் வகை எளிய எஞ்சின் அன்று. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகர ஆலையில் செய்த அதில் நான்கு சிலிண்டர்கள்; இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், அவற்றில் பாதி உழைத்த ஆவி மற்ற இரண்டுக்குப் போய், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்தண்டைப் பற்றி ஏறும் பல்சக்கரங்களைச் சுழற்றும்.

திருச்சியில் உள்ள பொன்மலை ரயில்வே பணிமனை 2011 முதல் 2014 வரை இதே வடிவில் எண்ணெய் எரிக்கும் நான்கு புதிய எஞ்சின்களைச் செய்து கொடுத்தது. 2021இல் நிலக்கரி எரிக்கும் புதிய எக்ஸ் எஞ்சின் ஒன்றையும் செய்தது. பழைய வரைபடங்களைப் பார்த்து, திருச்சியிலேயே ஒரு பல்சக்கர நீராவி எஞ்சினைப் புதிதாக வார்த்து இணைத்தது பெரிய காரியம். அதற்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். நாள்தோறும் ஏற வேண்டிய பாரத்தைப் புதிய எஞ்சின் சுமந்தால், 1914க்கும் 1952க்கும் இடையில் வந்த மூத்தவை மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005இல் சேர்ந்த அந்தப் பாதையில் எண்ணெய் எரிவது எனக்கு உறுத்தவில்லை. நீராவியை எடுத்துவிட்டு, மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை டீசல் எஞ்சினை மாட்டினால்தான் எதிர்ப்பேன்.

கேள்வி: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் படிக்கிறேன். பழைய நீராவி எஞ்சின்களைச் சீர்செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ள விருப்பம். எங்கே, எப்படிக் கற்கலாம்?
– மாணவர், வியாசர்பாடி

பதில்: இதற்கென்று தனிப் படிப்பு நம் ஊரில் கிடையாது, தொழிலைப் பல துண்டுகளாகப் பிரித்துக் கற்க வேண்டும். நீங்கள் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே பெரம்பூர் பணிமனைகளும் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பும் உள்ளன. அவற்றிலும் பொன்மலையிலும் ஐ.டி.ஐ. முடித்தவர்களைத் தொழிற்பழகுநர்களாக எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அங்கே உங்களுக்கு நீராவி எஞ்சின் கிடைக்காமல் போகலாம். அதனால் குறையில்லை. சக்கரத்தின் எஃகுப் பட்டையைத் தீயில் சூடேற்றி விரியவைத்து, சக்கரத்தில் நுழைத்து, ஆறியதும் அது இறுகிப் பிடிப்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பேரிங்கில் நீலச் சாயம் தடவி, அச்சை வைத்துச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் மயிரிழை மயிரிழையாக எடுக்கும் வேலையை மூத்த ஃபிட்டர்களிடம் கேட்டுப் பழகுங்கள். இந்த இரண்டும் தெரிந்தவர் நீராவி எஞ்சினின் கீழ்ப்பாதியைச் சீர்செய்யத் தகுதி பெற்றவர்.

மேல்பாதியான கொதிகலன் வேறு தொழில். ரிவெட் அடிப்பது தனியாள் வேலை அன்று. ஒருவர் உலையில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்துக் கொடுக்க, ஒருவர் உள்ளிருந்து கனத்த இரும்பால் முட்டுக் கொடுக்க, மற்றவர்கள் வெளியிலிருந்து அடிப்பார்கள். இதைச் செய்து பழகியவர்கள் வயதானவர்கள். பெரம்பூர், அயனாவரம் பகுதிகளில் ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, தேடிப்போய்ப் பேசுங்கள். கைத்தொழில் சங்கதிகள் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படாதவை என்பதால், அவர்கள் சம்மதித்தால் பேச்சை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். வெல்டிங்கும் கற்றுக்கொள்ளுங்கள், இன்றைய புதிய கொதிகலன்களில் ரிவெட்டின் இடத்தை அது எடுத்துக்கொண்டுவிட்டது.

கொதிகலனை இயக்குவதற்கு அரசு நடத்தும் கொதிகலன் இயக்குபவர் தகுதித் தேர்வு இருக்கிறது; முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. தேர்வு எழுத, கொதிகலன் உள்ள ஆலையில் வேலை பார்த்த அனுபவம் கேட்பார்கள். எனவே படிப்பு முடிந்ததும் நெசவு ஆலையோ சாயப்பட்டறையோ அரிசி ஆலையோ, நீராவி ஓடும் ஓரிடத்தில் கொஞ்ச காலம் பணிபுரிவது நல்லது. தகுதி விவரங்களை மாநிலக் கொதிகலன் இயக்கக அலுவலகத்தில் நேரில் கேட்டு, படிப்பு முடியும் முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.